நடுத்துண்டு

என் மகள் பிறந்த மூன்றாம் நாள், விடிவதற்கு முன்பே அம்மா பால்சுறா தேடிக் கிளம்பிவிட்டார்.

2016ஆம் ஆண்டு அது. எனக்கு சிசேரியன். திரும்பிப் படுத்தால் தையல் இழுத்தது. குழந்தை மார்பில் வாய் வைத்து உறிஞ்சிப் பார்த்துவிட்டு, எதுவும் வராத கோபத்தில் வீறிட்டு அழுதாள். பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட "நீ எப்படி இருக்கே?" என்று என்னிடம் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "பாலு இருக்கா பிள்ளே?" வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்கள். சிலர் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் நேராக என் நைட்டியைப் பார்த்தார்கள். பிள்ளை பெற்றவளின் மார்பு சில நாட்களுக்கு ஊர்ப் பொதுச்சொத்து. நிறைந்தால் ஊருக்கே பெருமை, நிறையாவிட்டால் அவள் ஒருத்தியின் குற்றம்.

அம்மா மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சும்மாட்டுத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஒரு நல்ல பால்சொறா கிட்டிச்சுண்ணா எல்லாம் சரியாவும் மக்களே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலை பத்து மணிக்கு வெறுங்கையோடு வந்தார்.

அடுத்த நாள் குளச்சல் துறைமுகத்துக்குப் போனார். அதற்கடுத்த நாள் தேங்காப்பட்டணம். முப்பது வருடத்துக்கு மேல் தலைச்சுமையாக மீன் விற்றவர் அம்மா. இந்தக் கரையில் எந்த ஏலக்காரர் எப்போது விலையை ஏற்றுவார், எந்தப் படகு எந்நேரம் அணையும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவர் மூன்று நாட்கள் ஒரு சுறாவுக்காக அலைந்தார். அந்த மூன்று நாட்களும் அவர் முகத்தில் இருந்தது கவலை மட்டுமல்ல. அவமானமும் இருந்தது. மீன்காரியின் மகளுக்கு, பிள்ளை பெற்ற மகளுக்கு, ஒரு சுறா கிடைக்கவில்லை!

நான் பிறந்தது 1988இல். அப்போது பாட்டி அம்மாவுக்கு ஒன்பது நாட்கள் விடாமல் சுறா சமைத்துப் போட்டாராம். வெந்நீரில் போட்டு எடுத்து, மணல்காகிதம் போல் இருக்கும் தோலைச் சுரண்டிக் கழுவி, பூண்டும் நல்லமிளகும் சீரகமும் மஞ்சளும் அம்மியில் அரைத்து, புளியைக் குறைத்து வைத்த குழம்பு. ஒருநாள் மாற்றத்துக்கு வேகவைத்து உதிர்த்த புட்டு. கடற்கரை ஊர்களில் எங்கு போனாலும் பிள்ளைபெற்ற வீட்டில் இந்த மணம் இருக்கும். சுறாக்களிலேயே சின்னதான ஓர் இனத்துக்கு நம்மவர்கள் பால்சுறா என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்திலும் அது மில்க் ஷார்க்தான். இதைத் தின்றால் தாய்ப்பால் ஊறும் என்ற நம் கடற்கரை நம்பிக்கைதான் அந்தப் பெயருக்கும் மூலம்.

அம்மா அந்த ஒன்பது நாட்களைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விஷயத்தை மட்டும் எப்போதும் அழுத்திச் சொல்வார். "நடுத்துண்டு எனக்குத்தான் வந்து."

மீன் குழம்பு வைக்கிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். கடலுக்குப் போய் வந்தவருக்கு நடுத்துண்டு. ஆண்பிள்ளைகளுக்கு அதை ஒட்டிய துண்டு. பெண்பிள்ளைகளுக்கு வால். அம்மாவுக்குத் தலை, அல்லது சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பு. மீனை வெட்டுவதும் கழுவுவதும் சமைப்பதும் விற்பதும் பெண்கள். எந்தத் துண்டு யாருக்கு என்பதை மட்டும் யாரும் சொல்லாமலே வீடு அறிந்து வைத்திருக்கும். அந்த ஒழுங்கு உடைகிற ஒரே சந்தர்ப்பம் பேறுகாலம். அப்போது ஆண்கள் தலையைத் தின்றார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல துண்டு முதலில் அவள் தட்டுக்குப் போகும். யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். கடலில் இருந்து வந்த அத்தனை மீன்களிலும், பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்ட மீன் பால்சுறா ஒன்றுதான்.

அதனால்தான் கரையில் சுறா இல்லை என்று அம்மா திரும்பி வந்தபோது, இல்லாமல் போனது ஒரு மீன் மட்டும் அல்ல என்று எனக்குத் தோன்றியது.

கடல் மாறியதை அம்மாவிடமிருந்துதான் முதலில் கற்றுக்கொண்டேன். அவருக்கு வரைபடம் தெரியாது. ஆனால் அவருடைய கடவப்பெட்டி ஒரு பதிவேடு. நாற்பது ஆண்டுக் கடலை அதில் வாசிக்கலாம்.

1980களின் நடுவில் முதன்முதலாகப் பெட்டி சுமந்தபோது, அவர் கருங்கல் பக்கமும் மார்த்தாண்டம் பக்கமும் கொண்டுபோனவை பெரும்பாலும் பெரிய மீன்கள். நெய்மீன், பாரை, கட்டா, கடல்விரால், சுறா. கட்டுமரத்திலும் வள்ளத்திலும் போய்த் தூண்டிலில் பிடித்து அன்றன்றைக்கே வருபவை. ஒரு மீனை வெட்டினால் நாலு வீட்டுக்குக் கொடுக்கலாம். பெட்டியில் அரிவாள் எப்போதும் இருக்கும். இவையெல்லாம் மற்ற மீன்களைத் தின்று வாழும் மீன்கள். கடலின் உணவு வலையில் மேல்தட்டுக்காரர்கள்.

பிறகு பெட்டியில் சாளையும் அயிலையும் நெத்தோலியும் வாளையும் நிறைந்தன. நெய்மீன் வந்தாலும் ஐஸ்பெட்டிக்காரர்கள் மொத்தமாக ஏலம் எடுத்துவிடுவார்கள். கணவாய் ஏற்றுமதிக்குப் போய்விடும். "பெரிய மீனெல்லாம் ஆம்பிளைக்க யாவாரமாச்சு, பொடிமீனு நமக்க யாவாரமாச்சு" என்று அம்மா சொல்வார். அரிவாளை எப்போது பெட்டியில் வைக்காமல் விட்டார் என்று அவருக்கே நினைவில்லை.

பிறகு பொடிமீனும் போயிற்று. பக்கத்துக் கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் சாளை கிடைத்தது. 2021இல் கிடைத்தது சுமார் 3,300 டன். எங்கள் கரையில் அம்மாவுக்கு அது எண்ணாகத் தெரியவில்லை. ஓமனிலிருந்து ஐஸில் வந்த சாளையை வாங்கி, கடலைப் பார்த்த வீடுகளிலேயே விற்க வேண்டி வந்தபோது தெரிந்தது. 

டேனியல் பாலி என்ற கடலியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் 1998இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். உலகம் முழுவதும் மனிதர்கள் கடலின் உணவு வலையை மேலிருந்து கீழாகத் தின்றுகொண்டே வருகிறார்கள் என்பது அதன் சாரம். முதலில் பெரிய வேட்டை மீன்கள், அவை தீர்ந்ததும் நடுத்தர மீன்கள், பிறகு பொடிமீன்கள். கல்லூரியில் அதைப் படித்தபோது எனக்கு அது புதிய செய்தியாக இல்லை. அம்மாவின் பெட்டியில் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

மேலே இருப்பவை போனால் கீழே இருப்பவை பெருகி, எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். கடல் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. கேரள, கர்நாடகக் கரைகளில் 2007க்குப் பிறகு பேத்தை மீன்கள் பெருகின. பிடித்தால் பந்தாக ஊதிக்கொள்கிற, கூரிய பல்லால் வலையை அறுக்கிற மீன் அது. அதைத் தின்னும் கடல்விரால் குறைந்ததும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். காவல் இல்லாத தெருவில் யார் பெருகுவார்கள் என்பது அந்தத் தெருவுக்கே தெரியாது. அதோடு கடலும் சூடாகிறது, மழையும் காற்றும் மாறுகின்றன. சாளை போனதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் மேல்தட்டு ஒழிந்த கடல், இப்படிப்பட்ட அடிகளைத் தாங்கும் வலுவை இழந்த கடல்.

சுறாக்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தன? இதற்கான பதில்தான் என்னை மிகவும் தொந்தரவு செய்தது. சாளை ஆயிரமாயிரமாக முட்டையிடும். ஓராண்டுக்குள் அதன் குஞ்சும் முட்டையிடத் தயாராகிவிடும். பால்சுறா அப்படி அல்ல. வயிற்றில் சுமக்கிறது. ஏறத்தாழ ஓராண்டு சுமக்கிறது. ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டிகள். கருப்பைக்குள் ஒவ்வொரு குட்டிக்கும் தொப்புள்கொடி உண்டு. பெரிய சுறாக்கள் பருவத்துக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும். மீன் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, பிள்ளை பெறும் விதத்தில் நமக்குத்தான் நெருக்கம்.

இப்படி நிதானமாகப் பெறுகிற உயிரின் மேல்தான் விசைப்படகின் இழுவலை விழுந்தது. எங்களுக்கு வடக்கே கொல்லம் பக்கத்தில் நீண்டகரையிலும் சக்திகுளங்கரையிலும் 1950களில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. இறாலுக்கு வெளிநாட்டில் விலை கிடைத்ததும் இழுவலைகள் இந்தக் கரை முழுக்கப் பரவின. இழுவலை இறாலை மட்டும் அள்ளாது. தரையைச் சுரண்டி, வருகிறதையெல்லாம் அள்ளும். குட்டிச் சுறா, குட்டித் திருக்கை, சினை உளுவை எல்லாம் அதில் வரும். விற்காதது கழிசல். கழிசல் கோழித்தீவனத்துக்கும் இறால் தீவனத்துக்கும் மாவாகப் போகும். அந்தக் கழிசலில் தேறியதைப் பொறுக்கிக் கருவாடு போட்டுப் பிழைத்த விதவைகள் எங்கள் ஊரில் இருந்தார்கள். மாவு ஆலைகள் வந்தபின் அதற்கும் வழி இல்லை.

பழி முழுவதையும் வெளியே தள்ளிவிட நான் விரும்பவில்லை. எங்கள் பக்கத்துத் தூத்தூர்க்காரர்கள் சுறா வேட்டைக்குப் பேர் போனவர்கள். அரபிக்கடல் முழுக்கப் போய்த் தூண்டில் போடுபவர்கள். என் மாமாவும் அப்படிப் போனவர்தான். சுறாத் துடுப்புக்குக் கிடைத்த காசில் எங்கள் கரையில் மாடிகள் எழுந்தன, பெண்களுக்கு நகையும் வரதட்சணையும் போயின. கடல்வெளிச் சுறாக்களும் திருக்கைகளும் 1970 முதல் அரை நூற்றாண்டில் உலக அளவில் 71 சதவீதம் குறைந்துவிட்டன என்று 2021இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்த 71இல் எங்கள் வீட்டுத் தாலிகளும் சேர்த்தி.

கரையோரத்தில் மீன் குறையக் குறைய ஆண்கள் தூரம் போனார்கள். காலையில் போய் மதியம் வந்தவர்கள், ஒரு வாரம் என்றார்கள். பிறகு ஒரு மாதம். வீடும் பிள்ளைகளும் கடனும் அத்தனை நாளும் பெண்கள் தலையில். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, எங்கள் கரையின் ஆண்கள் எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தார்கள். தூத்தூர், சின்னத்துறை, பூத்துறை, வள்ளவிளை என்று ஊர் ஊராகப் பெண்கள் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு தூரம் ஏன் போனார்கள் என்ற கேள்வியை அப்போது கேட்டவர்கள் குறைவு. பக்கத்துக் கடலில் பெரிய மீன் இருந்திருந்தால் போயிருக்க மாட்டார்கள்.

நான்காம் நாள் அம்மா சுறாவோடு வந்தார்.

ஒரு கை நீளம் இருக்கும். சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு. தேங்காப்பட்டணத்தில் இன்னொரு மீன்காரியிடம், "எனக்க மக பெத்துக் கெடக்கா" என்று சொல்லி, ஏல விலைக்கே கேட்டு வாங்கியிருந்தார். அம்மா முகத்தில் அன்றுதான் வெளிச்சம். பின்புறத்தில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தார். நான் சன்னல் பக்கம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

வயிற்றைக் கீறியதும் அவர் கை நின்றது.

உள்ளே மூன்று குட்டிகள். ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம்கூட இல்லை. கண், செவுள், துடுப்பு எல்லாம் முழுதாக இருந்தன. ஒவ்வொன்றின் வயிற்றுப் பக்கமும் மெல்லிய கொடி. என் மகளின் தொப்புளில் கட்டியிருந்த கிளிப் அன்று இன்னும் விழவில்லை.

அம்மா சினைச்சுறா வெட்டாதவர் அல்ல. எத்தனையோ வெட்டியிருக்கிறார். குட்டிகளைத் தனி விலைக்கு விற்றும் இருக்கிறார். ஆனால் அன்று வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு தலைநிமிராமல் சொன்னார். "ஒனக்குப் பாலு வரட்டும்ணு, பெறப்போற ஒருத்தியக் கொண்டு வந்திருக்கேன் பாத்தியா."

நான் அந்தக் குழம்பைச் சாப்பிட்டேன். இதை மறைக்க மாட்டேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அது சுறாவுக்குச் செய்த நியாயமாக இருந்திருக்காது, அம்மாவின் மூன்று நாள் நடைக்குச் செய்த அநியாயமாக இருந்திருக்கும். நடுத்துண்டு எனக்குத்தான் வந்தது. ருசித்தது. அழுகையும் வந்தது.

பால் வந்தது. சுறாவால் வந்ததா? சொல்ல முடியாது. அதே நாளில் கிராமச் செவிலியர் வந்து, குழந்தையை எப்படிப் பிடித்தால் காம்பை முழுதாகக் கவ்வும் என்று காட்டிக்கொடுத்தார். அன்றிரவு அம்மா குழந்தையைத் தன்னோடு எடுத்துக்கொண்டு என்னை நாலு மணிநேரம் தூங்கவைத்தார். அவரே வாசலில் உட்கார்ந்து, "பாலு இருக்கா?" என்று கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். எனக்கு என்னவோ இவற்றில்தான் நம்பிக்கை.

பிறகுதான் இன்னொன்றையும் படித்தேன். சிறிய மீன்களில் இருக்கும் பாதரசம், அவற்றைத் தின்னும் பெரிய மீனின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். மேலே போகப்போக அதிகமாகும். அதனால் கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் சொல்கிறது. நாம் காற்றில் விட்ட புகையும் தண்ணீரில் விட்ட கழிவும் சுற்றிச் சுற்றி, பிள்ளை பெற்றவளுக்கென்று ஒதுக்கிய அந்த ஒரே மீனில் வந்து தங்கியிருக்கின்றன. அம்மாவிடம் சொன்னேன். "அதுக்க ஒடம்பையும் வெசமாக்கியாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

சங்க காலத்திலேயே சுறாவும் கருவும் சேர்ந்து பேசப்பட்டிருக்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைச்சுறாவின் கொம்பை மணலில் நட்டு, அதில் தெய்வம் உறைவதாக வணங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. வாள் போன்ற கொம்புடைய வேளா மீனாக அது இருக்க வேண்டும். இன்று வேளா சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. 2001 ஜூலையில் ஒன்றிய அரசு எல்லாச் சுறா, திருக்கைகளையும் பிடிக்கத் தடை போட்டது. மீனவர்கள் எதிர்த்ததால் டிசம்பரில் அது பத்து இனங்களாகக் குறைந்தது. அம்மணி உழுவை என்ற அழகான பெயர் கொண்ட திமிங்கலச்சுறாவும் அதில் உண்டு. 2015இல் துடுப்பு ஏற்றுமதியும் தடைசெய்யப்பட்டது. இவை தேவையானவை. ஆனால் எது தடை, எது தடையில்லை என்று மீன் விற்கும் பெண்களிடம் யாரும் வந்து சொன்னதில்லை. அம்மா பல வருடங்கள் எந்தச் சுறாவை வாங்கினாலும் சாக்கால் மூடிக்கொண்டுதான் வருவார். இழுவலை முதலாளிக்கு இல்லாத பயம் தலைச்சுமைக்காரிக்கு இருந்தது.

கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. குட்டிகள் வளர்வது பெரும்பாலும் அந்த ஆழம் குறைந்த கரைக்கடலில்தான். அந்த ஒரு விதியை உண்மையாகக் காத்தாலே பாதிக் குட்டி பிழைக்கும் என்பார் அம்மா. கண்ணியளவு, தடைக்காலம், படகு எண்ணிக்கை எல்லாவற்றையும் முடிவுசெய்கிற கூட்டங்களில் மீனவர் என்றால் கடலுக்குப் போகிற ஆண் மட்டும்தான். எந்த மீன் எந்த ஆண்டு எந்த அளவில் வந்தது, எப்போது சினையோடு வந்தது என்று தலையில் சுமந்து, வயிற்றைக் கீறிப் பார்த்தவளை யாரும் கூப்பிடுவதில்லை. கடலைப் பற்றி ஆண்களுக்குத் தெரியாத ஒன்று பெண்களுக்குத் தெரியும். மீனின் உள்பக்கம்.

அன்றிலிருந்து அம்மா சினைச்சுறாவை ஏலத்தில் கேட்பதில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். "நான் எடுக்காட்டி வேற ஒருத்தி எடுப்பா. அவளுக்கும் வீட்டுல அடுப்பு எரியணும். அவளக் குத்தம் சொல்ல எனக்கு வாயில்ல" என்பார். அவருக்குத் தெரியும், தன் ஒரு கை விலகுவதால் கடல் நிறையாது என்று. ஆனாலும் கை விலகிக்கொண்டது.

2023இல் சாளை கொஞ்சம் திரும்பி வந்தது. அந்த ஆண்டுதான் சித்தியின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. வீட்டில் எல்லோரும் "சொறா வாங்கணுமே" என்று பேசிக்கொண்டிருந்தபோது, அம்மா ஒரு பை நிறையக் கொழுத்த சாளையோடு போய் இறங்கினார். பூண்டும் நல்லமிளகும் அரைத்து அதே குழம்பை அதே பக்குவத்தில் வைத்தார். சித்திக்கு முகம் சுருங்கிவிட்டது. பிள்ளை பெற்றவளுக்குப் போயும் போயும் சாளையா?

"சாளையில நல்ல நெய்யி உண்டும். வெசமும் கொறவு. இவ படிச்சுச் சொன்னா" என்று என்னைக் காட்டினார் அம்மா.

ஆண்கள் சாப்பிட வந்து உட்கார்ந்தார்கள். அம்மா சட்டியை அவர்கள் பக்கம் நகர்த்தவில்லை. முதலில் அந்தப் பெண்ணின் தட்டை எடுத்தார். சாளைக்கு ஏது நடுத்துண்டு? தலையும் வாலும் போனால் மிச்சமெல்லாம் நடுதான். இருந்தவற்றில் பெரிதாகப் பார்த்துப் பத்து மீனை எண்ணி எண்ணி அந்தத் தட்டில் வைத்தார். வைத்துவிட்டு, அவள் தின்று முடிக்கும்வரை அடுக்களை வாசலை மறித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.